மார்த்தாண்டம் தேனீப் பெட்டி: வாங்கும் முன் சுற்றிலும் பூ இருக்கிறதா என்று பாருங்கள்

பெட்டி தரமாக இருக்கிறது. அதில் வந்த தேனீக் கூட்டம் இன்னும் தரம். பெட்டியோடு சேர்த்துக் கொடுக்கிற பூப்பருவ அட்டவணையை மட்டும் நம்ப வேண்டாம். அந்த ஒரு தாளைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன். ஆசைப்பட்டு வாங்கியவர்களின் பெட்டிகள் ஆடி மாதத்தில் தேனீ ஓடிப்போய் வெறும் மரமாக நிற்பதை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பெரும்பாலும் அந்தத் தாள்தான் காரணம்.

வாங்கியது 2022 அக்டோபரில், மார்த்தாண்டம் பக்கம் ஒரு சிறு பட்டறையில். பெட்டி, ஒற்றைக் கம்பி ஸ்டாண்டு, ராணி தடுப்பு, புகைப்பான், உயிருள்ள கூட்டம் எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். கூட்டம் வாழும் கீழறையில் ஆறு சட்டங்கள். அவற்றில் நான்கில் அடை கட்டித் தேனீக்கள் நெருக்கமாக மொய்த்திருந்தன. விற்றவர் ஒவ்வொரு சட்டத்தையும் வெயிலுக்கு எதிரே தூக்கி முட்டை எது, புழு எது, மூடிய கூட்டுப்புழு எது என்று பொறுமையாகக் காட்டினார். "ராணியைப் பார்த்துவிடுங்கள் டீச்சர், அப்புறம் பணம் கொடுத்தால் போதும்" என்று சொல்லி, வயிறு நீண்ட அந்த ஒன்றையும் தேடிக் கண்டுபிடித்தார். ராணியைக் காட்டாமல் விற்கிறவரிடம் யாரும் வாங்காதீர்கள்.

பெட்டி வைத்திருப்பது தக்கலைக்கு அருகில் எங்கள் நாற்பது சென்ட் விளையில், அதாவது தோட்டத்தில். தென்னை, மட்டி வாழை, இரண்டு முருங்கை, ஒரு பலா, வேலியோரம் காய்கறிப் பந்தல். மூன்று பக்கமும் பிறருடைய ரப்பர் விளைகள். இதைச் சொல்லாமல் விமர்சனம் எழுதுவதில் பயன் இல்லை. இதே பெட்டியை நாகர்கோவில் நகருக்குள் ஒரு மொட்டை மாடியில் வைத்தால் கதை வேறாகிவிடும்.

முதலில் பெட்டி. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூட்டன் என்ற பாதிரியார் நம் நாட்டு அடுக்குத் தேனீயின் உடலளவுக்கும் கூட்டத்தின் அளவுக்கும் ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தார். அதுவரை இருந்த ஐரோப்பியப் பெட்டிகள் இந்தத் தேனீக்கு அரண்மனைபோல் பெரியவை. அவ்வளவு இடத்தையும் காவல் காக்க இதனிடம் ஆள்பலம் கிடையாது, அடையைத் தின்னும் மெழுகு அந்துப்பூச்சி புகுந்துவிடும். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தியபோது, ஏழை விவசாயிக்கு வீட்டோடு செய்யக்கூடிய தொழில்களில் ஒன்றாகத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார். அன்று தொடங்கிய கைப்பழக்கம் இன்றும் இங்கே தச்சர்களிடம் இருக்கிறது. நான் வாங்கிய பெட்டியில் பலகைகள் அயனி மரம். மூலைப் பொருத்தங்களில் ஒளி புகவில்லை. சட்டங்களுக்கு இடையே தேனீ முதுகு உரசாமல் நடமாடுகிற இடைவெளி சீராக இருந்தது. இந்த இடைவெளி கூடினால் நடுவில் வேண்டாத அடையைக் கட்டிவிடும், குறைந்தால் மெழுகு வைத்து ஒட்டிவிடும். பிறகு சட்டத்தை எடுக்கும்போது அடை கிழிந்து, புழுக்கள் நசுங்கும்.

குறையும் உண்டு. மேல் மூடியில் அடித்த தகரம் மெல்லியது. பங்குனி வெயிலில் தொட முடியாத அளவு சுடுகிறது, ஐப்பசி மழையில் ஓரத்தில் ஒழுகுகிறது. அதன்மேல் பழைய ஓலைக்கீற்று ஒன்றை மடித்துக் கட்டினேன், இரண்டும் தீர்ந்தன. தேன் சேருகிற மேலறையின் சட்டங்களில் ஒன்று வளைந்திருந்தது. சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாண்டின் நடுவில் இருக்கிற தண்ணீர்க் கிண்ணம் எறும்பைத் தடுப்பதற்கு. கோடையில் அது வேகமாக வற்றும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. காலையில் செடிக்குத் தண்ணீர் விடும்போது அதற்கும் விட்டுவிட வேண்டும்.

தோட்டத்தில் என்ன மாறியது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். பூசணியில் தெளிவாகத் தெரிந்தது. பூசணிப்பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறுமுன் சுருங்கிவிடும். ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மகரந்தம் போயாக வேண்டும். முன்பெல்லாம் ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, பெண் பூவில் நானே தேய்த்துவிடுவேன். இல்லாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி அழுகி விழும். பெட்டி வந்த பிறகு அந்த வேலையே இல்லை. பாகலும் வெள்ளரியும் அப்படித்தான். தென்னையிலும் தேனீ ஓயாமல் ஏறுகிறது. நெட்டை ரகத்தில் ஒரு பாளையின் ஆண் பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்து முடிந்த பிறகுதான் அதே பாளையின் பெண் பூக்கள் பக்குவப்படும். ஆகவே வேறொரு மரத்து மகரந்தம் வர வேண்டும். காற்று கொஞ்சம் கொண்டுவரும், தேனீ நிறையக் கொண்டுவரும்.

"இந்த ஒரு பெட்டி இருந்தால் தோட்டத்தில் எல்லாம் காய்க்கும்" என்று கடையில் சொல்வார்கள். அது சரியல்ல. பீர்க்கும் புடலும் பொழுது சாயும் நேரத்தில் விரிகிறவை. புடலின் வெள்ளைப்பூ இரவுக்கென்றே இழையிழையாக விரிகிறது. அப்போது அடுக்குத் தேனீ கூட்டுக்குள் அடங்கிவிடும். அந்தப் பூக்களுக்கு அந்துப்பூச்சிகள் வேண்டும். கத்தரியும் தக்காளியும் வேறு வகை. அவற்றின் மகரந்தம் குழல்போன்ற பைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. பூவைக் காலால் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்தால்தான் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. பட்ட மரத்தில் துளையிட்டு வாழும் கருவண்டும், மண்ணில் வளை தோண்டி வாழும் நீலவரித் தேனீயும்தான் அதைச் செய்கின்றன. ஆகவே பட்டுப்போன முருங்கைக் கிளையை விறகுக்கு வெட்டாமல் விட்டிருக்கிறேன், கிணற்றடி மண்ணில் ஒரு பகுதியைச் சிமெண்டு பூசாமல் வைத்திருக்கிறேன். இருக்கிற பூ எல்லோருக்கும் போதுமா என்று பார்க்காமல் ஒரே விளையில் பத்துப் பெட்டி வைக்கிற ஆசையும் வேண்டாம். காட்டுத் தேனீக்களுக்குச் சீனிப்பாகு வைத்துக் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள்.

இனி அந்த அட்டவணை. ஒரு தாள், இருபக்கம் அச்சு. ஜனவரி முதல் மார்ச் வரை ரப்பர், தேன் பருவம். ஏப்ரல், மே: வேம்பு, புளி. ஜூன் முதல் செப்டம்பர் வரை பஞ்ச காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூட்டம் பெருகும் வளர்ச்சிப் பருவம். தேனீக்காரர்களின் பல தலைமுறை அனுபவம் அதில் இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் மரங்கள் இப்போது அந்தத் தாளைப் பின்பற்றுவதில்லை.

ரப்பர் தேன் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இது விளங்கும். அது பூவில் ஊறுவதல்ல. ரப்பர் மரம் மார்கழி, தை வாக்கில் வறட்சியை உணர்ந்து இலை முழுவதையும் உதிர்க்கும். பிறகு ஒரே வீச்சில் தளிர்க்கும். செம்பு நிறத்தில் வரும் தளிர் இளம்பச்சைக்கு மாறுகிறபோது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேருகிற இடத்தில் சிறு சுரப்பிகளிலிருந்து இனிப்பு நீர் கசியும். இலை முற்றினால் அது நின்றுவிடும். சுற்றுவட்டாரத்து விளைகள் எல்லாம் ஒன்றாக இலை உதிர்த்து ஒன்றாகத் தளிர்ப்பதால்தான் சில வாரங்களுக்கு ஆறாகத் தேன் வருகிறது, மார்த்தாண்டம் பெட்டிக்காரர்களும் லாரி லாரியாகப் பெட்டிகளைக் கேரளத் தோட்டங்கள் வரை கொண்டுபோகிறார்கள். இந்த ஏற்பாடு முழுவதும் தை, மாசியில் வானம் காய்ந்து கிடப்பதை நம்பி இருக்கிறது.

2023இல் வானம் காய்ந்தது. மாசிக் கடைசியில் மேலறை கனத்து, அடைகளில் முக்கால்வாசி மெழுகு மூடியிருந்தபோது எடுத்தேன். அந்தப் பருவம் முழுவதற்கும் ஆறு கிலோவுக்குச் சற்று மேலே கிடைத்தது. நிறம் வெளிர். ஜாடியில் சில வாரங்களிலேயே உறைந்துவிட்டது. உறைந்த தேனைப் பார்த்துச் சீனி கலந்தது என்று உறவினர்கள் சந்தேகப்பட்டார்கள். ரப்பர் தேனின் இயல்பே சீக்கிரம் உறைவது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஜாடியை வைத்தால் இளகிவிடும்.

அந்த ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட பெருமழை எல்லோருக்கும் நினைவிருக்கும். செய்திகளில் தூத்துக்குடி, நெல்லை வெள்ளம்தான் பெரிதாக வந்தது. எங்கள் பக்கம் நடந்தது வெளியே தெரியாத வகை. மண் ஈரம் குறையாததால் ரப்பர் மரங்கள் இலையைத் தவணை முறையில் உதிர்த்தன. வடக்கு விளை மொட்டையாக நின்றபோது தெற்கு விளை பாதி பச்சையாக இருந்தது. தளிர்ப்பும் அப்படியே சிதறிப்போனது. சில மரங்களில் தளிர் விட்ட நேரத்தில் பனிமூட்டமும் தூறலும் சேர்ந்து, இளம் இலைகளில் வெள்ளைப் பொடிபோல் சாம்பல் நோய் படிந்து, அவை தேன் சுரக்கும் முன்பே உதிர்ந்தன. மழைத்துளி விழுந்தால் சுரந்த நீரும் கழுவிப் போய்விடும். அந்த 2024 பருவத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் எடுக்க முடிந்தது, அதையும் கூட்டத்துக்கே விட்டிருக்கலாமோ என்ற கவலையோடுதான் எடுத்தேன்.

எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு வாரமும் என்ன பூத்தது, தேனீயின் காலில் என்ன நிற மகரந்தம் வந்தது என்று குறித்துவைக்கிறேன். முருங்கை முன்பின் ஆகிறது. மாம்பூ மழையில் கருகிய ஆண்டும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுக் குறிப்பை வைத்துக்கொண்டு பருவநிலை மாற்றம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்குப் பல பத்தாண்டுக் கணக்கு வேண்டும். ஆனால் பெட்டி வைத்திருப்பவருக்குத் தேவை இந்த வாரம் எதில் பூ இருக்கிறது என்ற விவரம். அச்சடித்த தாள் அதைச் சொல்லாது. விற்கிறவர்கள் அந்தத் தாளில் மாதங்களின் பெயரை எடுத்துவிட்டு, 'ரப்பர் தளிர் இளம்பச்சையாகும்போது மேலறையை வையுங்கள்', 'வாசலில் மகரந்தம் வருவது குறைந்தால் பாகு கொடுங்கள்' என்று மரத்தையும் தேனீயையும் பார்த்து நடக்கும்படி எழுதிக் கொடுத்தால் எத்தனையோ கூட்டங்கள் பிழைக்கும். கடையில் இதைச் சொன்னேன். "நீங்கள் சொல்வது நியாயம்தான் டீச்சர், ஆனால் வாங்குகிறவர்கள் மாதம்தான் கேட்கிறார்கள்" என்றார்.

பஞ்ச காலம் என்ற சொல்லை அந்தத் தாள் ஒரு வரியில் கடந்துவிடுகிறது. உண்மையில் பெட்டியின் விலையை நீங்கள் கொடுப்பது அந்த நான்கு மாதங்களில்தான். தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் தேனீ வெளியே போக முடியாது. போனாலும் ரப்பர் காட்டில் உண்ண எதுவும் இல்லை. ராணி முட்டையைக் குறைப்பாள். கூட்டம் சுருங்கும். சுருங்கிய கூட்டத்தில் காலியான அடைகளை மெழுகு அந்துப்பூச்சி பிடித்துக்கொள்ளும். அந்த அடைகளை எடுத்துவிட்டு, சீனியும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சி ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காமல் இருக்க இரண்டு குச்சிகளைப் போட்டு அந்தியில் உள்ளே வைக்க வேண்டும். பகலில் வைத்தால் வேறு கூட்டத்துத் தேனீ கொள்ளையடிக்க வரும்.

சீனி பசியைத்தான் ஆற்றும். புழுவை வளர்க்க மகரந்தம் வேண்டும், அதற்குப் பூ வேண்டும். எங்கள் கூட்டம் இரண்டு மழைக்காலத்தையும் தாண்டியதற்குத் தென்னை முதல் காரணம். மாதம் ஒரு பாளை விரிப்பதால் ஆடியிலும் அதில் மகரந்தம் இருக்கும். வாழைப்பூ தேன் கொடுத்தது. வேலியில் படரவிட்ட கொடிரோஜா ஆண்டு முழுவதும் பூத்தது. எல்லாவற்றையும்விட உதவியது யாரும் நட்டு வளர்க்காத தொட்டாற்சுருங்கி. மழையில் அது இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடக்கும் இடத்தில் காலையில் போய் நின்று பாருங்கள், ஒவ்வொரு உருண்டையிலும் ஒரு தேனீ இருக்கும். தும்பையும் வெட்டுக்காயப் பூண்டும் அதே வேலையைச் செய்கின்றன.

இந்தச் செடிகளைத்தான் களைக்கொல்லி அடித்து ஒழிக்கிறார்கள். ரப்பர் விளையில் விடிகாலை இருட்டில் பால் வெட்டப் போகிறவருக்குத் தொட்டாற்சுருங்கி முள் காலைக் கிழிக்கும். அவருடைய கஷ்டம் உண்மை. பக்கத்து விளைக்காரரிடம் பேசினேன். "அண்ணே, மரத்தடியில் நடக்கிற வழியை அரிவாளால் சுத்தம் செய்துகொள்ளுங்கள், எல்லைக் கையாலை ஓரத்தை மட்டும் அப்படியே விடுங்கள்" என்று கேட்டேன். முதலில் தயங்கினார், பிறகு ஒத்துக்கொண்டார். சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் அடிக்கிற நாளையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அவருக்கு ஆண்டுதோறும் ஒரு பாட்டில் தேன் போகிறது. சாலையோரத்தில் பஞ்சாயத்து சார்பில் அடிக்கிற மருந்தைப் பற்றி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கூட்டம் எங்கிருந்து வந்தது? 1991, 92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் கேரளத்திலும் குமரியிலும் பரவி, அடுக்குத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்துவிட்டது. புழுக்கள் தலையை நிமிர்த்தியபடி, நீர் கோத்த பைபோல அறைக்குள்ளேயே செத்துக்கிடக்கும். தொழிலையே விட்டுப்போன குடும்பங்கள் மார்த்தாண்டத்தில் ஏராளம். தப்பிய கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் மறுபடியும் வளர்த்தார்கள். ஆகவே தன் சொந்தக் கூட்டத்தைப் பிரித்து விற்கிறவரிடம் வாங்குவது நல்லது. மரப்பொந்திலிருந்தும் புற்றிலிருந்தும் பிடித்துவந்து விற்கிறவர்கள் காட்டிலிருக்கும் கூட்டத்தைக் குறைக்கிறார்கள். அதில் நோய் இருக்கிறதா என்பதும் தெரியாது. பிறர் பயன்படுத்திய பழைய சட்டங்களை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். நான் வாங்கிய இடத்தில் தாய்க்கூட்டம் எது என்று காட்டினார்கள், அதற்காகவே அவர்களுக்கு முழு மதிப்பெண்.

சேவையைப் பொறுத்தவரை பாதி மதிப்பெண். பெட்டி வைத்த வாரத்திலேயே ஒரு பையனை அனுப்பி, வாசலைக் கிழக்கு நோக்கித் திருப்பி, கட்டணம் வாங்காமல் சரிபார்த்துக் கொடுத்தார்கள். ஆனால் ஆடி மழையில் கூட்டம் மெலிந்து, உதவி உண்மையாகத் தேவைப்பட்டபோது போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அழைத்த பிறகுதான் ஆள் வந்தார். விற்பனை தேன் பருவத்தோடு முடிந்துவிடுகிறது என்று கடைக்காரர்கள் நினைக்கக் கூடாது. மழைக்காலத்தில் ஒருமுறை வந்து பார்ப்பதற்கு இருநூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் மகிழ்ச்சியாகக் கொடுப்பேன்.

ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் தென்னையோ, வாழையோ, வெட்டாத களைச்செடிகளோ இருக்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். சுற்றிலும் கட்டடமும் ரப்பரும் மட்டும் இருந்தால் முதலில் கொடிரோஜாவும் துளசியும் நட்டு, ஓர் ஆண்டு பொறுத்து, மழையில் அவை பூக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சித்திரை, வைகாசியில் விலை குறைத்துக் கொடுப்பார்கள். தேனை எடுத்த பிறகு பஞ்ச காலத்துச் சீனிச் செலவை உங்கள் தலையில் ஏற்றுகிற விலை அது, வாங்காதீர்கள். புரட்டாசியில் முன்பணம் கொடுத்துச் சொல்லி வையுங்கள். ஐப்பசியில் மழை இல்லாத ஒரு நாளில், தேனீ எல்லாம் உள்ளே அடங்கிய பிறகு வாசலை வலையால் மூடி, இரவோடு இரவாகப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வைக்கப்போகிற இடத்தில் ஸ்டாண்டை அன்று பகலிலேயே ஊன்றிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்க வேண்டும்.